கொட்டியாரக் குடாவுக்குள் வெந்நீர் வந்தால் எங்கே போகும்?

திருகோணமலையில் கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள மூதூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நிலக்கரி என்றாலும் கடற்கரைக்கு வருகிறார்கள், அணு என்றாலும் கடற்கரைக்குத்தான் வருவார்களாம். எங்கள் கடலில் இவர்களுக்கு அப்படி என்ன வேலை?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2006 இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் ஊரையொட்டி 500 மெகாவாட் அனல் மின்நிலையம் திட்டமிடப்பட்டது. மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். 2016 இல் அரசு அதைக் கைவிட்டது. அணுமின் நிலையம் இலங்கையில் இன்னும் இல்லை. ஆனால் 2022 இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு வந்து நாட்டின் ஆயத்தநிலையைப் பரிசீலித்துச் சென்றது. பேச்சு அடங்கவில்லை. அக்கரையில் கூடங்குளத்துக்கு எதிராக இடிந்தகரை மீனவர்கள் 2011 இல் திரண்டபோது, அறியாமையால் வந்த பயம் என்று படித்தவர்கள் பலர் ஒதுக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூதூர் வாசகர் கேட்டிருப்பது வெப்பவியலின் அடிப்படைக் கேள்வி.

யுரேனிய அணு பிளக்கிறது, வெப்பம் பிறக்கிறது, நீர் ஆவியாகிறது, ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. இதுவரை பள்ளிக்கூடப் பாடம். சுழற்றி முடித்த ஆவி என்ன ஆகிறது என்பதில்தான் கடல் உள்ளே வருகிறது.

வெறும் தகரப் பேணி ஒன்றில் கொஞ்சம் நீர் விட்டுக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, மூடியை இறுக்கி, மேலே குளிர்நீர் ஊற்றினால் பேணி நொறுங்கும். உள்ளே இருந்த ஆவி சில துளி நீராகச் சுருங்கிவிட்டது, வெளிக்காற்று நசுக்குகிறது. மின்நிலையத்தின் ஒடுக்கியில் இதுவே இடைவிடாமல் நடக்கிறது. கடல்நீர் ஓடும் ஆயிரக்கணக்கான குழாய்களின்மேல் பட்டு ஆவி நீராகிறது. அங்கே அமுக்கம் வளிமண்டலத்தின் பதினான்கில் ஒன்று அளவுக்கு இறங்குகிறது. பின்னால் இப்படி ஒரு வெற்றிடம் காத்திருப்பதால்தான் ஆவி சுழலியின் கடைசி இலைவரை பாய்ந்து வேலை செய்கிறது. கொதிகலன் தள்ளுகிறது, கடல் இழுக்கிறது.

அதற்குக் கடல் கொடுக்கும் விலை பெரிது. அணு உலையின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். 1,000 மெகாவாட் மின்சாரத்துக்கு 2,000 மெகாவாட் வெப்பத்தை வெளியே கொட்ட வேண்டும். நிலக்கரி நிலையத்தில் வீண்வெப்பத்தின் ஒரு பகுதி புகைபோக்கியால் போய்விடும். இங்கே ஏறத்தாழ முழுவதும் தண்ணீருக்குத்தான். குளிர்கோபுரம் கட்டாமல் கடல்நீரையே எடுத்து, 7 பாகை சூடேற்றித் திருப்பி விடுவதானால் செக்கனுக்கு 70 கனமீற்றர் தேவை. அதாவது 7,000 லீற்றர் பவுசர் பத்து, ஒவ்வொரு செக்கனும், இரவும் பகலும். உலையை நிறுத்தினாலும் எரிபொருளுக்குள் கதிரியக்கப் பொருட்கள் சிதைவதால் வரும் சிதைவு வெப்பம் தொடரும். நிறுத்திய கணத்தில் அது முழு வெப்பத்தின் ஆறேழு சதவீதம். 2011 இல் புகுஷிமாவில் ஆழிப்பேரலை வந்து குளிரூட்டல் நின்றபோது உலைகளை உருக்கியது அந்த மிச்ச வெப்பம். 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வழமையான இயக்கத்தில், ஒடுக்கிக் குழாய்க்குள் ஓடும் கடல்நீர் உலையைத் தொடுவதில்லை. வெளியே வரும் வெந்நீரே கதிரியக்க நீர் என்று பரப்பப்படுவது தவறு. எதிர்ப்புக்கு அந்தப் பொய் தேவையுமில்லை. வெப்பமே போதிய காரணம்.

அந்த வெப்பம் எங்கே போகும்? சூடான நீர் இலேசானது, மேலே மிதந்து பரவி, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்து ஆறிவிடும் என்பார்கள். திறந்த கடலில் சரி. கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுகிறது.

வீட்டில் செய்து பாருங்கள். கண்ணாடிக் குவளையில் சாதாரண குளிர்நீர் எடுங்கள். அரைக் கோப்பைச் சூடான வெறுந்தேநீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து, கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெல்ல ஊற்றுங்கள். சூடாக இருந்தும் கபில நிறம் நூல்நூலாக அடிக்கு இறங்கி அங்கேயே படியும். நான் முதலில் செய்தபோது குவளையின் அடியைக் கையால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்: அடி சூடு, மேல் குளிர். குவளை நீர் மகாவலியின் நன்னீர், தேநீர் நிலையத்தின் உப்பு வெந்நீர்.

கணக்கு எளிது. கடல்நீரை 7 பாகை சூடாக்கினால் கனமீற்றருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாக இலேசாகும். லீற்றருக்கு மூன்று கிராம் உப்புக் குறைந்தாலும் ஏறத்தாழ அவ்வளவே இலேசாகும். வாடைக்கால வெள்ளம் ஆற்றுவாய்க்கு அருகே உப்பை அதைவிட எவ்வளவோ அதிகமாகக் குறைத்துவிடுகிறது. அப்போது, ஆழத்து உப்புநீரை எடுக்கும் நிலையத்தின் வெந்நீர் மேலே வராது. நன்னீர்ப் போர்வைக்கு அடியில் நுழைந்து, காற்றைக் காணாமல், ஆறாமல் ஊரும். காற்றும் அலையும் கலக்கும்தான், ஆனால் போர்வை கிழியும்வரை அந்தச் சூடு ஆழங்குறைந்த இடங்களில் கடற்புல்லையும் இறாலையும் நண்டையும் தொட்டுக்கொண்டு நிற்கும். 28 பாகையிலிருந்து 35 பாகைக்குப் போன கடல்நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒட்சிசனை இழக்கிறது. அதே சூட்டில் மீனுக்கு ஒட்சிசன் கூடுதலாக வேண்டும்.

வெள்ளம் வடிந்த சித்திரை, வைகாசியில் கதை மாறும். வெந்நீர் மேலே படரும். கடல் ஏற்கெனவே ஆண்டின் உச்சச் சூட்டில் இருக்கும் காலம் அது. வழமையான உச்சத்துக்கு மேல் ஒரு பாகை சில வாரம் நீடித்தாலே பவளப்பாறை வெளிறத் தொடங்கும். ஒரே குழாய், இரண்டு பருவத்தில் இரண்டு இடத்தைச் சுடும்.

ஆகவே ஒரு பருவத்தில் அளந்துவிட்டு எழுதும் சுற்றாடல் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன். சில ஆண்டுகள், மேலிருந்து அடிவரை, வெப்பநிலையும் உப்பும் பதியும் கருவிகள் குடாவில் தொங்க வேண்டும். மின்நிலையத்தின் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அந்தப் பணத்தைத் திட்டக்காரரின் ஆலோசகருக்குக் கொடுக்காமல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்து மாணவர்களுக்குக் கொடுங்கள். தரவை எல்லோரும் பார்க்க வையுங்கள். கயிற்றை எங்கே இறக்குவது என்று மூதூர்க் கடற்றொழிலாளர்களிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் மேல்நீர் எங்கே நன்னீராகும், எத்தனை பாக ஆழத்துக்குக் கீழே உப்புத் தொடங்கும் என்பது வலை இறக்குபவர்களுக்குத் தெரியும்.