காகிதத் தவளைக்கு ஏன் கால் ஓய்கிறது?

"என் மகள் மடித்த காகிதத் தவளை காலையில் நன்றாகத் தாவியது. சாயங்காலம் அழுத்தினால் அப்படியே படுத்துக்கொள்கிறது. காகிதம் அதேதானே, என்ன ஆயிற்று?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

கப்பலும் விமானமும் கைவந்த பிறகு குழந்தைகள் ஆசையோடு மடிப்பது இந்தத் தவளையைத்தான். செவ்வகத் தாளின் ஒரு முனையில் முக்கோணத் தலை, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்தால் உடம்பு, பின்பகுதியை முன்னும் பின்னுமாக விசிறிபோல் மடித்தால் கால். பின் விளிம்பை விரலால் அழுத்தி, விரலை வழுக்கவிட்டால் தாவும். செய்முறை இவ்வளவுதான்.

இப்போது மூன்று பொருள்களை எடுங்கள்: ஒரு பிளாஸ்டிக் தாள், கொஞ்சம் அலுமினியத் தாள், ஒரு வெள்ளைக் காகிதம். மூன்றையும் மடித்துக் கையை எடுங்கள். பிளாஸ்டிக் பெரும்பாலும் திரும்ப விரிந்துவிடும். அலுமினியம் மடித்தபடியே கிடக்கும். காகிதம் மடிந்துதான் இருக்கும், ஆனால் லேசாக வாய் திறக்கும். அந்த லேசான திறப்பில்தான் தவளையின் உயிர் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் தவளையே உருவாகாது. அலுமினியத்தில் உருவாகும், தாவாது.

காகிதம் ஏன் இப்படி இரண்டுங்கெட்டானாக நடந்துகொள்கிறது? அது செல்லுலோஸ் என்ற தாவரப் பொருளாலான நார்களின் படுகை. ஒவ்வொரு நாரும் ஓரிரு மில்லிமீட்டர் நீளம். சாதாரண ஏ4 தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான்; அதற்குள் சுமார் பத்து அடுக்கு நார்கள் நசுங்கிப் படுத்திருக்கின்றன. ஒன்றையொன்று தொடும் இடங்களில் அவற்றைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். தனியாகப் பார்த்தால் பலவீனமானது. எண்ணிக்கையில்தான் அதன் பலம்.

தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிப்பக்கம் 1 சதவீதம்தான் நீளும். நார்கள் அதைத் தாங்கிக்கொள்ளும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். நகத்தால் அழுத்தி மடித்தாலோ கணக்குப்படி வெளிப்பக்கம் பல பத்து சதவீதம் நீண்டாக வேண்டும். ஆனால் தாளைச் சில சதவீதம் இழுத்தாலே கிழிந்துவிடும்! அப்படியென்றால் ஒவ்வொரு மடிப்பிலும் தாள் இரண்டாகப் பிய்ந்திருக்க வேண்டுமே?

பிய்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மடிப்புக்குள் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. உள்பக்க நார்கள் நசுங்கிப் புடைக்கின்றன, வெளிப்பக்க நார்கள் சறுக்குகின்றன. பிரிந்த அடுக்குகள் தனித்தனி மெல்லிய தாள்களாக வளைவதால் எதுவும் அளவுக்கு மீறி நீள வேண்டியதில்லை. பழைய பிணைப்புகள் அறுந்து, நார்கள் புதிய இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. இஸ்திரி போட்டாலும் கோடு முழுதாக மறையாததற்குக் காரணம் இதுதான். அறுபடாமல் மிஞ்சிய நார்கள் வளைந்த நிலையில் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அவைதான் ஸ்பிரிங்.

ஒவ்வொரு தாவலிலும் அந்த மிச்ச நார்களிலும் சில சறுக்குகின்றன. ஸ்பிரிங்கின் பங்கு குறைகிறது, கோட்டின் பங்கு கூடுகிறது. குழந்தையின் விரல் ஈரமும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் நார்களுக்கு நடுவே புகுந்து பிணைப்புகளைத் தளர்த்துவதால் சறுக்கல் இன்னும் சுலபமாகிறது. சாயங்காலத்துக்குள் கால் ஓய்ந்துவிடுகிறது.

காகிதம் மடிப்பதை ஆராய்ச்சி என்றால் சிரிப்பவர்கள் உண்டு. ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோரியோ மியுரா வகுத்த மடிப்பு முறையில் மடித்து வைத்த சூரியத் தகடு 1995இல் செயற்கைக்கோளில் ஏறி விண்வெளியில் விரிந்தது. மடிந்த பொருள் எப்படித் திரும்ப விரியும் என்பது அங்கே கோடிக்கணக்கில் பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. விளையாட்டுபோலத் தெரியும் ஆய்வுகளுக்கு நிதியை வெட்டும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

சரி, தவளைக்கு வருவோம். தலையையும் உடம்பையும் நகத்தால் அழுத்தி மடிக்கச் சொல்லுங்கள். அங்கே கோடு வேண்டும். காலை மட்டும் விரல் நுனியால் மெதுவாக மடித்தால் போதும். குழந்தைகள் கடைசி மடிப்பைத்தான் ஆவேசமாக நசுக்குவார்கள், ஸ்பிரிங்கும் அங்கேயே போய்விடும். கொஞ்சம் கெட்டியான தாளாக இருந்தால் நல்லது. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசையில் கிழித்தால் நேராகக் கிழியும். நாரோட்டம் தலையிலிருந்து கால் நோக்கி அமைந்தால் கால் மடிப்பு நார்களையே வளைக்கும், உந்தலும் கூடும். தாளைத் திருப்பி வைத்து இன்னொரு தவளையும் செய்து, இரண்டுக்கும் போட்டி வைத்துப் பாருங்கள்.

ஓய்ந்துபோன பழைய தவளையைத் தூக்கிப் போட வேண்டாம். காலை மட்டும் பிரித்து, பழைய கோட்டிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி மடியுங்கள். அங்கே இருக்கும் நார்கள் இன்னும் ஒருமுறைகூட மடங்கியதில்லை.