விபிஎன் போட்டிருந்தேனுங்களே!

வைரஸ் புகுந்த கணினி என்று எனக்கு வருகிற போனில் இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஜிஎஸ்டி 3பி என்ற மாதக் கணக்குத் தாக்கலுக்கு 20-ஆம் தேதி கடைசி, 18-ஆம் தேதி இரவு பத்தரைக்குப் போன் வருகிறது. ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுபவர். "எக்செல் எதுவுமே திறக்க மாட்டேங்குதுங்க, எல்லா ஃபைல் பேருக்கும் பின்னால நாலு எழுத்து ஒட்டியிருக்குது." அதைக் கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது: ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். போய்ப் பார்த்தால் ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மீ' என்று ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி விலை. ஆடித் தள்ளுபடி மாதிரி!

பத்தாவது படிக்கும் அவர் பையன் ஏதோ கேமைக் காசு கொடுக்காமல் ஓட வைக்கும் கிராக் ஒன்றை இறக்கியிருக்கிறான். வீடியோவில் சொன்னபடியே முதலில் விண்டோஸோடு வரும் வைரஸ் காவலன் டிஃபெண்டரை அணைத்துவிட்டு. பையனைத் திட்டிப் பயனில்லை, சம்பளம் தருகிற கணினியை அவனிடம் கொடுத்தது யார்?

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நான் விபிஎன் போட்டுத்தானுங்களே வேலை பார்த்தேன்."

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். விபிஎன் என்பது தடுப்பூசி இல்லை. உங்கள் கணினிக்கும் அலுவலகத்துக்கும் இடையே போகிற தகவலை வழியில் யாரும் படிக்காதபடி மறைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கணினிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதை அது பார்க்காது, தடுக்காது, துரத்தாது. சொல்லப்போனால் நிலைமை இன்னும் மோசம்: விபிஎன் போட்டதும் ஆபீஸ் சர்வர் இஸட் டிரைவாக உங்களுக்குத் தெரிகிறதே, அது வைரஸுக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கிராக் ஓடிய நேரத்தில் இவர் விபிஎன்னை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். ஆடிட்டரின் சர்வர் தப்பித்தது அந்தச் சாப்பாட்டால்தான்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2022-இல் லாஸ்ட்பாஸ், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைப்பதே தொழிலாகக் கொண்ட நிறுவனம், அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக உடைக்கப்பட்டது. ப்ளெக்ஸ் என்ற படம் பார்க்கும் மென்பொருளில் இருந்த ஓட்டை. அதற்கான திருத்தம் 2020-லேயே வந்துவிட்டது, அவர் அப்டேட் செய்யவில்லை. அதன் வழியே உள்ளே புகுந்து, அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டை (பூட்டி வைத்த எல்லாவற்றையும் திறக்கும் ஒரே சாவி) அப்படியே எழுத்தெழுத்தாக எடுத்துக்கொண்டார்கள்.

சரி, செய்ய வேண்டியது. வேலைக் கணினி வேலைக்கு மட்டும். வேறு வழியே இல்லை என்றால் பிள்ளைகளுக்குத் தனி யூசர் அக்கவுண்ட், அதுவும் அட்மின் உரிமை இல்லாமல். கிராக் விண்டோஸ், கிராக் ஆபீஸ் எதுவும் வேண்டாம், காசு மிச்சம் என்று என்னிடம் கணக்குக் காட்டாதீர்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு, அதாவது ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. "நல்லாத்தானே ஓடுது" என்பது பதில் இல்லை. பேக்கப் எடுத்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள், தயவுசெய்து. இவருடையது இரண்டு வருடமாக யுஎஸ்பியிலேயே தொங்கியதால் அதிலிருந்ததும் சேர்ந்து போயிற்று.

ஒருவேளை மாட்டிக்கொண்டால் முதலில் வைஃபையைத் துண்டியுங்கள், ஆபீஸுக்குச் சொல்லுங்கள் (திட்டு விழும், விழட்டும்), சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். இந்த வகை வைரஸ் கூடவே பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அள்ளிக்கொண்டு போகிற ஒன்றை இறக்கிவிடுவது உண்டு. அதனால் மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றி, எல்லா இடத்திலும் லாக்-அவுட் கொடுங்கள். அதே கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதிய பாஸ்வேர்டையும் நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரிதான்.

கிளம்பும்போது பையன் வாசல் வரை வந்து, "அண்ணா, ஃபைல் திரும்ப வருமா?" என்றான். வராது என்றேன். அப்பா ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்பிய பழைய ஷீட்டுகள் மட்டும் கிடைத்தன. மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, அவர் பில்லைப் பார்த்து வாசிக்க வாசிக்க இவன் டைப் அடித்தானாம்.