ஹிந்தோளத்தைக் கிட்டாரில் பழகுகிறவர்கள் கவனிக்க

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கிட்டார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினான்கு வருடமாகிறது. இப்போதெல்லாம் பிள்ளைகள் போனில் ஒரு படத்தோடு வருகிறார்கள். ஆறு கம்பியிலும் கறுப்புப் புள்ளி குத்தி, மேலே ‘அபூர்வ பென்டடோனிக்’ என்று போட்டிருக்கும். பென்டடோனிக் என்றால் ஐந்து சுர ஸ்கேல். அதை இரண்டு வாரத்தில் மனப்பாடம் பண்ணி, தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 140 தட்டில் ஓடவிட்டு, மேலும் கீழுமாக வாசித்துக் காட்டுகிறார்கள். விரல் நன்றாகத்தான் ஓடுகிறது, ராகத்தைத்தான் காணோம். போன மாதம் ஒருவன் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். சரி, இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அவன் டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன், உயர்தரப் பரீட்சை எழுதப்போகிறவன். அவன் கொண்டுவந்தது ஹிந்தோள ராகம். வடக்கே மால்கௌன்ஸ் என்பார்கள். எல்லாரும் முதலில் படிக்கிற ஏ மைனர் பென்டடோனிக்கில் ஏ, சி, டி, ஈ, ஜி இருக்கும். ஏயை ஸட்ஜமாக, அதாவது ஆதார சுரமான ‘ஸ’வாக வைத்த ஹிந்தோளத்தில் ஏ, சி, டி, எஃப், ஜி. நம்ம கணக்கில் ஸ க ம த நி, ரிஷபமும் பஞ்சமமும் கிடையாது. ஈ போய் எஃப் வந்திருக்கிறது, ஒரே ஒரு ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம்) வித்தியாசம்.

சிக்கல் என்னவென்றால், இதே ஐந்து சுரம்தான் டி மைனர் பென்டடோனிக்கிலும் இருக்கிறது. எஃப்பை ஸட்ஜமாக வைத்தால் மோகனம், ஜியை வைத்தால் மத்தியமாவதி, சியில் சுத்த சாவேரி, டியில் சுத்த தன்யாசி, ஏயில் ஹிந்தோளம். பாட்டு வாத்தியார்கள் கிரகபேதம் என்று சொல்வது இதைத்தான். ஆக, டி மைனர் வடிவம் ஏற்கனவே கையில் இருக்கிற பையனுக்கு விரலில் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை, பழைய பாதையில் போய் டியில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு ஹிந்தோளம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபது வயதில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில், மேடைக்குப் பின்னால் இருந்து ஹிந்தோளம் என்று ஏதோ பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். நாதஸ்வரக்காரர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, “தம்பி, சுத்த தன்யாசி நல்லா வாசிக்கிறீங்களே” என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்து வைத்தேன், வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் அந்தப் படத்தையே காட்டுவதில்லை. ஐந்தாவது கம்பியைக் கட்டைவிரலால் தட்டி ஏ நிற்கவிடு, அது அடங்குவதற்குள் அடுத்த தட்டு. மூன்றாவது கம்பியில் மட்டும் இந்த ஃபிரெட்டுகளில் வாசி: 2, 5, 7, 10, 12, 14. ஒரே கம்பி, ஒரு விரல் போதும், மெட்ரோனோம் வேண்டாம். ஏழிலிருந்து பத்துக்குப் போகிற இடத்தைக் கவனியுங்கள். மைனர் பென்டடோனிக்கில் ஊறிய கை தன்பாட்டுக்கு ஒன்பதில் போய் நிற்கும், அங்கே இருப்பது ஈ, அதாவது இந்த ராகத்தில் இல்லாத பஞ்சமம். அவனும் நின்றான், ஒரு தடவையல்ல, பத்துப் பன்னிரண்டு தடவை. நான் எதுவும் சொல்லவில்லை, ஏயை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தேன். அவன் நிமிர்ந்து, “சேர், இது ஏதோ வேற வீட்டுக்குள்ள போன மாதிரி இருக்கே” என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சுருதிக்குக் கூட்டாளியை ஏ மைனர் கோர்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். அதற்குள் ஈ இருக்கிறது, உங்கள் எஃப்போடு உரசும். ஏயையும் ஈயையும் மட்டும் சேர்த்து அடிக்கிற பவர் கோர்டும் அதே கதைதான். பஞ்சமம் இல்லாத ராகம் என்பதால் தம்புராவிலேயே பஞ்சமக் கம்பியை மத்தியமத்துக்கு மாற்றிக் கூட்டுவார்கள். ஆனால் கிட்டாரில் ஆரம்பத்திலேயே டியைச் சேர்த்தால் காது மறுபடி டிக்கு ஓடிவிடும், எனக்கே ஓடுகிறது. ஏ மட்டும் போதும். கைக்குப் பழகிய பிறகு சியையும் ஜியையும் கம்பியை லேசாக இழுத்து அசைத்துப் பாருங்கள். ஃபிரெட்டில் நேராக நிற்கிற சுரம் ஸ்கேலாகத்தான் கேட்கும்.

அப்புறம் மணிக்கட்டு. அவன் விடியக்காலை ஐந்தரைக்கு, குளிரில் விறைத்த விரலோடு, தொடர்ந்து ஒரு மணி நேரம் வேகம் ஏற்றியிருக்கிறான், கட்டைவிரலால் கிட்டாரின் கழுத்தை நசுக்கிக்கொண்டு. நம்ம ஊர் தை மாதக் குளிரில் அது கையைக் கெடுக்கிற வேலை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுக் கிட்டாரை எடுங்கள், காலையில் பதினைந்து நிமிடம், பின்னேரம் பதினைந்து நிமிடம். வலித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். விரல் மரத்துப்போனாலோ ஊசி குத்துவது போல் இருந்தாலோ தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வாசிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். குளிரில் கம்பி இறுகிச் சுருதியும் ஏறும், அதையும் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அவன் இப்போது பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு மெதுவாக வாசிக்கிறான். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஒரு காம்பராவில் (அறையில்) வாசித்தால் நாலு காம்பராவுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு அத்தை, “ஏன்டா, இந்த ஒரே பாட்டை இன்னும் எத்தனை நாளைக்கு வாசிப்ப?” என்று கேட்டாராம்.

“பாட்டே இன்னும் ஆரம்பிக்கல அத்தை” என்று சொல்லியிருக்கிறான்.