படிவத்தில் 'அகதி' என்று எழுதவிடாதீர்கள்

இலங்கையிலிருந்து வந்து, கேரளத்தின் குளத்துப்புழா, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்த பெண்மணி ஒருவர் மகளின் நேட்டிவிட்டி சான்றிதழுக்கு, அதாவது இந்த மாநிலத்தவர் என்ற சான்றுக்கு, விண்ணப்பித்தார். கணினியில் ஏற்றிக்கொடுத்த பையன், பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று கேட்டதும் 'அகதி' என்று தட்டிவிட்டான். கோப்பு போலீஸ் விசாரணைக்குப் போயிற்று. "யார் யாரோ படகில் வந்து இறங்கினார்கள், உங்களையெல்லாம் யார் சோதித்தார்கள்?" என்று கேட்டார் ஒரு எழுத்தர். கல்லூரிச் சேர்க்கைக்கான கடைசி நாள் அதற்குள் முடிந்துவிட்டது.

சோதித்தது இரண்டு அரசாங்கங்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964 சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி, விண்ணப்பம் வாங்கி, விசாரித்து, குடியுரிமையைப் பதிவுசெய்து, இந்தியப் பாஸ்போர்ட் கொடுத்துத்தான் தலைமன்னாரில் கப்பல் ஏற்றினார்கள். இவர்கள் தாயகம் திரும்பியோர், அகதிகள் அல்லர். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் வேறு. அவர்களையும் ராமேசுவரம் அருகே மண்டபத்தில் தமிழ்நாட்டு உளவுப் போலீசான கியூ பிரிவினர் விசாரிக்காமல் முகாமுக்கு அனுப்பவில்லை.

ஆகவே அந்தப் பழைய பாஸ்போர்ட், குடியுரிமைப் பதிவுச் சான்று, குடும்ப அட்டை மூன்றும்தான் உங்கள் உயிர்நாடி. அசலை எந்த மேசையிலும் விட்டுவராதீர்கள். "சாயங்காலம் வாருங்கள்" என்று வாங்கிவைத்த அசல் காணாமற்போய், அதைத் தேடியே ஓய்ந்துபோன ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். நகலைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இலங்கைப் பிறப்புப் பதிவில் முத்தையா, இங்கே ஆதாரில் முத்தய்யா என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்ற சான்றை முதலில் வாங்கிவிடுங்கள். அந்த ஓர் எழுத்துக்காகவே திருப்பி அனுப்புவார்கள்.

பிள்ளை இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்திருந்தால், பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின், 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். இதைத் தெரியாத அலுவலர்கள் இன்னமும் பாட்டனின் ஊரைக் கேட்கிறார்கள்.

பெரிய பொறி சாதிச் சான்று. பட்டியல் சாதி உரிமை மாநிலத்தோடு கட்டப்பட்டது. பட்டியல் சாதி ஆணை வந்த 1950-இல் குடும்பம் கேரளத்தில் இருந்ததா என்று கேட்பார்கள். இல்லை என்றால் தமிழ்நாட்டுக்குப் போகச் சொல்வார்கள். செங்கோட்டை தாண்டிப் போனால், கேரளத்தில் குடியிருப்பவருக்கு இங்கே என்ன வேலை என்பார்கள். ஆரியங்காவு மலைப்பாதையில் இதற்காகவே எத்தனை பேர் பஸ் ஏறி இறங்கியிருக்கிறார்கள்! தமிழ்நாட்டுச் சான்று கிடைத்தாலும் கேரள அரசின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய அரசு வேலைக்கு உதவும். எல்லைக்கு அப்பால் 'ஏற்பாடு செய்து தருகிறேன்' என்கிற தரகரை நம்பாதீர்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் வேலைக்குச் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்புவார்கள், வழக்கும் வரும்.

மறுத்தால் வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். காரணத்தை எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள்; 30 நாளில் பதில் தரவேண்டும். அந்தக் காகிதம் கையில் இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போனால், அங்கே முதலில் கேட்பதே அதைத்தான்.