உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: எந்த மெஷின் என்று கேட்பதற்கு முன்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றதும் குடும்பத்தினர் பெரும்பாலும் கேட்பது மெஷினைப் பற்றித்தான். ஐஎம்ஆர்டி (எக்ஸ்-கதிரைக் கட்டியின் வடிவத்துக்கேற்பக் கொடுக்கும் முறை) நல்லதா, புரோட்டான் (எக்ஸ்-கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைச் செலுத்தும் முறை) நல்லதா? கேட்க வேண்டியதுதான், ஆனால் இரண்டாவதாக. கதிர்வீச்சு எதற்காக என்பதே முதல் கேள்வி. ஆபரேஷனுக்கு முன்பா, ஆபரேஷனுக்குப் பதிலாகவா, இல்லை விழுங்கும் சிரமத்தைக் குறைக்க மட்டுமா? டோஸ், நாள் கணக்கு, கூடவே போகும் கீமோ எல்லாம் இதை வைத்தே மாறும்.

ஆபரேஷனுக்கு முன் கொடுப்பதில் அதிகம் பின்பற்றப்படுவது நெதர்லாந்தில் நடந்த ‘கிராஸ்’ ஆய்வின் முறை. 41.4 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு), 23 சிட்டிங், வாரத்துக்கு ஐந்து நாள். கூடவே வாரம் ஒரு முறை கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்துகள், மொத்தம் ஐந்து தடவை. 2012-இல் வெளியான முடிவில் நேரடியாக ஆபரேஷன் செய்தவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 24 மாதம். கீமோ-கதிர்வீச்சுக்குப் பின் செய்தவர்களுக்கு 49 மாதம். அகற்றிய குழாயைப் பரிசோதித்தபோது, ஸ்குவாமஸ் வகையில் (குழாயின் உள்பரப்புத் தட்டைச் செல்களில் தோன்றுவது) ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புற்றுச் செல்லே மிச்சமில்லை. அடினோகார்சினோமாவில் (சுரப்பிச் செல்களில் தோன்றும் வகை) அது 23 சதவீதம்தான்.

இந்த வித்தியாசம் இப்போது சிகிச்சையையே மாற்றிவிட்டது. 2025-இல் வெளியான ‘ஈசோபெக்’ ஆய்வு அடினோகார்சினோமா நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ‘ஃப்ளாட்’ என்ற கீமோ பெற்றவர்களுக்கு இடைநிலை வாழ்நாள் 66 மாதம், கிராஸ் முறையில் 37 மாதம். ஆக, அடினோகார்சினோமாவாக இருந்து, உடல் அந்தக் கடுமையான கீமோவைத் தாங்குமானால், ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சே தேவைப்படாமல் போகலாம். பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்த வகை என்ற அந்த ஒரு வரியைப் பார்க்காமல் மெஷினை ஒப்பிட உட்காருவதில் பயனில்லை.

கழுத்துப் பகுதியில் கட்டி இருந்தால் ஆபரேஷனில் பெரும்பாலும் குரல்வளையையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும். அங்கே கீமோவும் கதிர்வீச்சும்தான் முழுச் சிகிச்சை. இதயமோ நுரையீரலோ ஆபரேஷனைத் தாங்காது என்பவர்களுக்கும் அப்படியே. டோஸ் 50 அல்லது 50.4 கிரே, 25 முதல் 28 சிட்டிங். “இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் கட்டி நன்றாகக் கரையுமே” என்று தோன்றும். அமெரிக்காவில் 64.8 கிரே வரை கொடுத்துப் பார்த்தார்கள், நெதர்லாந்தில் 61.6 வரை. இரண்டிலும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. கீமோவின் கதை நேர்மாறு. 1990-களில் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 64 கிரே கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர் ஒருவரும் இல்லை. 50 கிரேயுடன் சிஸ்பிளாட்டின், 5-எஃப்யூ என்ற கீமோ மருந்துகளும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் தாண்டினார்கள். உடல் தாங்கும் என்றால் கீமோவை விடக்கூடாது.

இனி மெஷினுக்கு வருவோம். 3டி முறையில் மூன்று நான்கு திசைகளிலிருந்து கதிர் வரும். பழைய முறை என்று ஒதுக்க வேண்டாம். கிராஸ் ஆய்வில் கொடுத்ததே இதுதான். ஐஎம்ஆர்டியும், மெஷின் சுற்றிக்கொண்டே சில நிமிடங்களில் முடிக்கும் விமேட்டும் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப டோஸை வளைத்து இதயத்தையும் தண்டுவடத்தையும் காக்கும். அதற்கு விலையாக நுரையீரலின் பெரும்பரப்பில் சிறு டோஸ் பரவும். புரோட்டான் கட்டியைத் தாண்டி ஏறக்குறைய நின்றுவிடுவதால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போவது குறைவு. 2020-இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டில், ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்கள் உட்பட மொத்தப் பக்கவிளைவுச் சுமை புரோட்டானில் தெளிவாகக் குறைந்திருந்தது. வாழ்நாளில் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே இதயநோய் உள்ளவருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் புரோட்டானுக்காகச் சிகிச்சையை வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது எங்கள் பார்வையில் நஷ்டக் கணக்கு.

எந்த மெஷினாக இருந்தாலும் பிளான் சரியாக அமைவது முக்கியம். கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கவைத்து சிடி எடுப்பார்கள். கட்டி கீழ்ப்பகுதியில் இருந்தால், மூச்சோடு அது எவ்வளவு நகர்கிறது என்று காட்டும் 4டி சிடி தேவை. கட்டியின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சிடியில் சரியாகத் தெரியாது. அதற்குத்தான் எண்டோஸ்கோபியில் முன்பல்லிலிருந்து எத்தனையாவது சென்டிமீட்டரில் தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்கிறார்கள். அந்த அளவு ரிப்போர்ட்டில் இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். புற்றுச் செல்கள் எங்கே என்று காட்டும் பெட் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து, குழாயின் போக்கில் மேலும் கீழும் 3 முதல் 4 செ.மீ., பக்கவாட்டில் 1 செ.மீ. கூட்டி வரைவார்கள். நோய் சளிச்சவ்வுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நீளவாக்கில் ஓடும் என்பதே காரணம். கீழ்முனைக் கட்டி என்றால் ஸ்கேனுக்கும் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். இரைப்பை ஒரு நாள் நிரம்பியும் ஒரு நாள் காலியாகவும் இருந்தால் குறி தப்பும்.

பிளான் தயாரானதும் மூன்று எண்களைக் கேட்கலாம். 20 கிரே அல்லது அதற்கு மேல் வாங்கும் நுரையீரல் எத்தனை சதவீதம் (30-க்குள், முடிந்தால் 20-ஐ ஒட்டி)? இதயத்தின் சராசரி டோஸ் என்ன (30 கிரேக்குள், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது)? தண்டுவடத்தின் உச்ச டோஸ் என்ன (வழக்கமான வரம்பு 45)?

நடைமுறையில் சிகிச்சையைக் கெடுப்பது பெரும்பாலும் எடை இழப்பும் இடைவெளியும்தான். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விழுங்கும்போது எரிச்சலும் வலியும் தொடங்கும். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தால் எடை இறங்கும், உடலின் வடிவம் மாறிப் பிளான் பொருந்தாமல் போகும், மறுபடி சிடி எடுக்க வேண்டிவரும். முதல் நாளிலிருந்தே வாராவாரம் எடை பாருங்கள். திரவ உணவுகூட இறங்காத நிலை வருவதற்கு முன் உணவு செலுத்தும் டியூப் போட்டுவிடுவது நல்லது. ஆபரேஷன் திட்டம் இருந்தால் இரைப்பையில் துளையிட்டுப் போடும் டியூபைக் கூடியவரை தவிர்ப்பார்கள், ஏனென்றால் அதே இரைப்பையைத்தான் பின்னால் புதுக் குழாயாக மேலே இழுக்கிறார்கள். சிறுகுடலிலோ மூக்கு வழியாகவோ போடலாம். அதே நோயாளிக்கு அவசரப்பட்டு ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைப்பதும் சரியல்ல.

இரத்தத் தட்டணுக்கள் குறைந்தால் அந்த வாரக் கீமோ தள்ளிப்போகலாம். கதிர்வீச்சு பொதுவாகத் தொடரும். மெஷின் பழுது, விடுமுறை என்று நாள் விட்டுப்போனால் சனிக்கிழமையோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சிட்டிங்காகவோ ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள். இடைவெளியில் புற்றுச் செல்கள் மறுபடி பெருகும்.

நோய் பரவிவிட்டவருக்குக் கணக்கே வேறு. 10 சிட்டிங்கில் 30 கிரே அல்லது 5 சிட்டிங்கில் 20 கிரே போதும். இதோடு கீமோ சேர்ப்பதால் விழுங்குவது குறிப்பிடும்படி மேம்படுவதில்லை, தொந்தரவுதான் கூடுகிறது. தண்ணீரே இறங்காதவருக்கு ஸ்டென்ட் சில நாட்களில் வழிவிடும். குழாய்க்குள்ளேயே வைத்து ஒரே தடவையில் 12 கிரே கொடுக்கும் பிராக்கிதெரபி மெதுவாக வேலை செய்தாலும் நிவாரணம் கூடுதல் நாள் நிற்கும். எவ்வளவு காலம் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே தேர்வு.

முடிந்த பிறகும் கவனம் தேவை. ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால், சளி என்று ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிடாமல், கதிர்வீச்சினால் வந்த நுரையீரல் அழற்சியா என்று பாருங்கள். அதற்கு மருந்து ஸ்டீராய்டு. அடைப்பு திரும்பினால் தழும்புச் சுருக்கமா, நோயா என்று எண்டோஸ்கோபியில்தான் பிரிக்க முடியும். சிகிச்சையின்போதோ பின்னரோ தண்ணீர் குடித்த மறுநொடி இருமல் வந்தால், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்திருக்கலாம்: வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.