கீரியின் தசைக்குள் ஒரு முள்வேலி

தம்பலகாமத்தில் பெரியம்மா வீட்டு வைக்கோல் போரடியில், காலை பத்து மணி வெயிலில், ஒரு நாகபாம்பும் ஒரு கீரியும் எதிரெதிரே நின்றன. பாம்பு படமெடுத்து அசையாமல் இருந்தது. கீரி மயிரைச் சிலிர்த்து இரண்டு கீரிகளின் பருமனுக்கு ஊதியிருந்தது. "கிட்டப் போகாத மகன்" என்று பெரியம்மா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தா. பாம்பு மூன்று தரம் கொத்தியது. மூன்றும் மயிரோடும் மண்ணோடும் போயின. நாலாவது கொத்துக்குத் தலை கீழே வந்ததும் கீரி மண்டையைக் கவ்வியது. பச்சை முருங்கைக்காய் முறிவதுபோல ஒரு சத்தம்.

பாம்பை இழுத்துக்கொண்டு கீரி பற்றைக்குள் மறைந்ததும் பெரியம்மா சொன்னா: "மூலிகை தின்னப் போகுது." கீரிப்பூண்டு என்று ஒரு செடிக்கே பெயர் வைத்த சனம் நாங்கள். ஆனால் கீரி பற்றைக்குள் போனது சாப்பிடத்தான். அதன் மருந்து அதன் தசைக்குள்ளேயே இருக்கிறது.

நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலின் என்ற சிறு மூலக்கூறு வெளியேறி, தசையிலுள்ள வாங்கியில் போய் அமரும்போதுதான் தசை சுருங்குகிறது. நாகத்தின் நரம்பு நஞ்சு அந்த வாங்கியில் முந்திக்கொண்டு குந்திவிடும். எழும்பவும் மாட்டாது. செய்தி வந்தாலும் தசை அசையாது. இமை தொங்கும், நாக்குக் குழறும், கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகளும் ஓயும்.

1992இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபக்ஸ் குழுவினர் கீரியின் வாங்கியை ஆராய்ந்தபோது, நஞ்சு அமரும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதைக் கண்டார்கள். அதில் ஒன்று, 187ஆம் இடத்தில் இருப்பது, தன்மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலியைக் கொளுவி வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் வேலிப் பொட்டில் முள்ளுக்கொப்பு ஒன்றைச் செருகிவிடுவோமே, அப்படி. கோழிக்குஞ்சு நுழையும், மாடு நுழையாது. நஞ்சு, அசற்றைல்கோலினைவிட ஏறத்தாழ 50 மடங்கு நிறை கூடிய புரதம். அது வெளியே நிற்க, அசற்றைல்கோலின் குஞ்சு உள்ளே போய் வருகிறது. நாகபாம்பு தன் நஞ்சாலேயே சாகாமல் இருப்பதற்கும் ஏறக்குறைய அதே இடத்தில் இதே உபாயம்தான்.

நெல்லுக்குள் இறங்கி எங்களை அழவைக்கும் காட்டுப்பன்றியும் பாம்பு தின்னும். பன்றியிலும் முள்ளெலியிலும் அந்த 187ஆம் இடத்தில் சர்க்கரைக்குப் பதிலாக நேரேற்றம் கொண்ட ஆர்ஜினின் இருப்பதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நஞ்சும் நேரேற்றம் கொண்டது, ஒன்றையொன்று தள்ளும். ஒரே பூட்டை வெவ்வேறு கைகள் வெவ்வேறு விதமாக மாற்றியிருக்கின்றன. கூர்ப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இருந்தாலும் கீரி நஞ்சுக்கு அப்பாற்பட்ட பிராணி அல்ல. அளவு மீறி ஏறினால் அதுவும் சாகும். ஆகவேதான் அந்தச் சிலிர்ப்பும் துள்ளலும். முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்) பாம்பின் கணக்கே வேறு. இரத்தக் குழாய்களைச் சிதைக்கும், இரத்தம் உறைவதைக் குழப்பும், இலங்கைப் புடையன் கடித்தால் இமையும் தொங்கலாம். இரத்தக் குழாயைக் குலைக்கும் நொதியங்களைப் பிடித்து முடக்கும் புரதங்கள் கீரியின் குருதி நீர்ப்பாயத்தில் உண்டு. அது முள்ளுக்கொப்பு அல்ல, காவல் நாய்.

பறவைகளின் வழி வேறு. கொண்டைப் பாம்புக் கழுகின் காலில் கரடுமுரடான செதில். விரல்கள் குட்டை, பிடி இறுக்கம். பாம்பின் தலையைப் பிடித்துவிட்டால் மிச்சம் சாப்பாடு. நஞ்சு புரதம் என்பதால் இரைப்பைக்குள் போனதும் இறைச்சியைப் போலச் செரித்துவிடும். ஆபத்து இரத்தத்தில் கலந்தால்தான். குட்டிப் பாம்பை விழுங்கும் மயிலும் கோழியும் இந்தக் கணக்கில்தான் பிழைக்கின்றன.

உப்புவெளியில் கரைவலை இழுக்கும்போது மடியில் வாலைத் துடுப்புப்போல அடித்துக்கொண்டு கடற்பாம்பும் வரும். அதில் கொடியது வலக்கடியன். ஆங்கில நூல்களிலும் அந்தத் தமிழ்ப் பெயர் அப்படியே ஏறியிருக்கிறது. அதுவும் நாகத்தின் உறவுதான், நஞ்சும் நரம்பு நஞ்சுதான். தடியால் தூக்கி எறிந்த ஒன்றை வெண்வயிற்றுக் கடற்கழுகு அள்ளிக்கொண்டு திருகோணமலைச் சுவாமி மலைப் பக்கமாகப் பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். மீன் பிடித்துப் பழகிய முரட்டு நகங்கள் அதற்குப் போதும்.

கீரியும் இந்தப் பறவைகளும் பகலில் வேலை செய்கிறவர்கள். எட்டடி விரியன் இரவுப் பாம்பு. எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வந்து, பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். காயம்கூடச் சரியாகத் தெரியாது. அதன் நஞ்சில் ஒரு பகுதி வாங்கியின் பக்கம் வருவதே இல்லை. அசற்றைல்கோலினை அனுப்பும் நரம்பு முனையையே அழிக்கும். கீரியின் முள்ளுக்கொப்புக்கு அங்கே வேலையில்லை. அந்த நேரத்தில் கீரி வளைக்குள் நித்திரையும்கூட.

பெரியம்மா கீரியை நம்பித்தான் இருக்கிறா, ஆனாலும் படுக்கமுன் ரோச் அடித்துப் பாயை உதறாமல் படுத்ததில்லை. அந்தக் கீரி மறு கிழமை வந்து அவவின் நாலு குஞ்சுகளைக் கொண்டுபோனது.