சக்கரத்துப் பூச்சின் ஆயுள் அதன் அடியில் இருக்கிறது

எஃகுச் சக்கரத்தில் துரு தலைகாட்டும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை: டிஸ்க்கும் (நடுத்தட்டு) ரிம்மும் (டயரைத் தாங்கும் வெளிவளையம்) வெல்டிங்கால் இணையும் மடிப்பு, டியூப் இல்லாத டயரின் விளிம்பு அழுந்தி உட்காரும் வளையம், சாலைக் கற்கள் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த புள்ளிகள். இவற்றுள் அந்த வளையத்தில் பிடிக்கும் துருவுக்கு உடனடி விளைவும் உண்டு. பரப்பு சொரசொரப்பாகி, டயரிலிருந்து காற்று மெல்லக் கசியத் தொடங்கும்.

துருப்பிடித்தல் மிகச் சிறிய ஒரு மின்கலத்தைப் போன்றது. ஈரம் படிந்த எஃகில் ஒரு புள்ளியில் உள்ள இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே இன்னொரு புள்ளியை அடைய, அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. நீரில் உப்பு கலந்திருந்தால் அது மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் அரிப்பு விரைவுபடும்.

இரண்டாவது புள்ளியில் இந்த ஹைட்ராக்சைடு அயனிகளால் தோன்றும் காரத்தன்மைதான் பூச்சுக்குப் பெரும் பகை. ஒரு கீறலின் ஓரத்தில், பெயின்ட்டுக்கு அடியில் இந்தக் காரம் சேரும்போது பெயின்ட்டுக்கும் எஃகுக்கும் உள்ள பிணைப்பு அறுகிறது. விலகிய இடைவெளியில் ஈரம் புகுந்து துரு உருவாகிறது. அத்துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலுறையை இன்னும் தூக்குகிறது. வெளியே குண்டூசித் தலையளவே தெரியும் புள்ளியைச் சுரண்டினால் உள்ளே காசளவுக்கு அரித்திருப்பது இதனால்தான்.

எந்தப் பெயின்ட்டும் நீராவியை முற்றிலும் தடுப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீர் மூலக்கூறுகளும் ஆக்சிஜனும் பெயின்ட்டின் பிசினின் ஊடே மெல்ல நுழைந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆயினும் பிசின் உலோகத்தை இறுகப் பற்றியிருக்கும் வரை, நீர் ஒரு படலமாகச் சேர அங்கே இடமில்லை. ஆகவே பூச்சின் தடிமனைவிடப் பிடிப்பே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி நீக்கி, பிறகு பழைய பெயின்ட்டும் துருவும் போகும்படி பிளாஸ்டிங் (துகள்களை வேகமாகப் பாய்ச்சிச் சுரண்டுதல்) செய்ய வேண்டும். வரிசை மாறினால், பாய்ந்து வரும் துகள்கள் எண்ணெயை எஃகின் பள்ளங்களுக்குள்ளேயே திணித்துவிடும். வெற்று எஃகு காற்றின் ஈரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால், அடுத்த பூச்சைச் சில மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

சக்கர ஆலைகளில் எஃகின் மீது முதலில் துத்தநாக பாஸ்பேட் படிகங்கள் வளர்க்கப்படுகின்றன. இவை பெயின்ட்டுக்குப் பிடிமானம் தருவதோடு, காரம் பரவுவதையும் மட்டுப்படுத்துகின்றன. பின்னர் சக்கரத்தைப் பெயின்ட் தொட்டியில் முழுக்கி மின்சாரம் செலுத்துகிறார்கள். பெயின்ட் படிந்த இடத்தில் மின்தடை உயர்வதால், மின்னோட்டம் இன்னும் மூடப்படாத இடங்களைத் தேடிச் செல்கிறது. வெல்டிங் மடிப்பின் உட்புறத்திலும் உறை அமைவது இந்த அழகான இயல்பினால்தான்.

பட்டறைகளில் செய்யப்படும் பவுடர் கோட்டிங்கில் மின்னூட்டம் பெற்ற தூள் சக்கரத்தில் ஒட்டி, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகி, வலைப்பின்னலாகப் பிணைந்து இறுகுகிறது. இங்கே கணக்கில் கொள்ள வேண்டியது உலோகம் எட்டிய வெப்பநிலையே. அடுப்புக் காற்றின் வெப்பநிலை அன்று. ஆழமான மூலைகளுக்குள் மின்புலம் நுழையாததால் அங்கே தூள் குறைவாகவே படிகிறது என்பது இம்முறையின் குறை. அதை ஈடுசெய்யத் துத்தநாகம் செறிந்த பிரைமர் (அடிப்பூச்சு) உதவும். துத்தநாகத்தின் மின்முனை அழுத்தம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்பினுடையது மைனஸ் 0.44 வோல்ட்; இது எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு எளிதில் உலோகம் கரையும், எனவே துத்தநாகம் முந்திக்கொண்டு கரைந்து எஃகைக் காக்கிறது. துகள்கள் எஃகைத் தொட்டால்தான் இது நடக்கும் என்பதால், துருவின் மீது பூசப்பட்ட பிரைமரால் இந்தப் பயன் கிடைக்காது. எப்பாக்சி வகைப் பிசின் பூச்சு நன்றாகப் பற்றினாலும் வெயிலில் வெளிறிப் பொடியும்; ஆதலால் அதன் மேல் பாலியெஸ்டர் உறை தேவை.

சில இடங்களில் தடித்த பூச்சு ஆபத்தானது. நட் உட்காரும் கூம்பிலும், சக்கரம் ஹப்பை (சக்கரம் பொருத்தப்படும் அச்சுக் குடத்தை) தொடும் முகத்திலும் படிந்த தடித்த பூச்சு இறுக்கத்தில் நசுங்கி மெலியும்போது போல்ட்டின் இழுவிசை குறைந்து நட் தளர்ந்துவிடும். பூசுமுன் அப்பரப்புகளை மறைத்துவிட வேண்டும். சக்கரத்தை மாட்டிச் சிறிது தொலைவு ஓட்டிய பின், நட்டுகளை வாகனத்துக்குக் குறிக்கப்பட்ட முறுக்குவிசையில் டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.